புருவம் இருந்த இடம்

கீமோ தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் தலைமுடி உதிரும் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். வீட்டிலும் அதற்கான ஏற்பாடுகள் நடக்கின்றன. முடியை முன்கூட்டியே குட்டையாக வெட்டிக்கொள்கிறார்கள், விக் பார்க்கிறார்கள், உறுத்தாத பருத்தி ஸ்கார்ஃப் வாங்கி வைக்கிறார்கள். புருவத்தைப் பற்றி மட்டும் அநேகமாக யாரும் பேச்செடுப்பதில்லை. முடியில்லாத தலைக்கு ஒருவாறு பழகிய பிறகு, ஒரு நாள் காலையில் முகம் துடைத்த துண்டில் சின்னச் சின்ன முடிகள் ஒட்டியிருக்கின்றன. தலைமுடி போனதைத் தாங்கிக்கொண்ட பலர் இந்த இடத்தில்தான் உடைந்துபோகிறார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் மொட்டைத் தலை யாருக்கும் விசித்திரம் இல்லை. பழனிக்கோ திருப்பதிக்கோ போய் முடி இறக்கியிருப்பார் என்று பார்ப்பவர் நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். புருவமில்லாத முகத்துக்கு அப்படி எந்த மறைப்பும் கிடையாது. பஸ்ஸில் எதிர் சீட்டில் இருப்பவருக்குக்கூட உடனே நோய் என்று தெரிந்துவிடுகிறது. அவர் கண்ணில் வரும் பரிதாபத்தை நாள் முழுக்கச் சுமப்பது, மருந்தைத் தாங்குவதைவிடக் கடினமாகச் சிலருக்குத் தோன்றுகிறது. புருவம் வரையக் கற்றுக்கொள்வதை அலங்கார ஆசை என்று ஒதுக்குபவர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

புருவம் ஏன் தாமதமாக உதிர்கிறது? எல்லா முடிக்கும் வளரும் பருவம் ஒன்று, ஓய்வுப் பருவம் ஒன்று, இடையில் குறுகிய மாறும் பருவம் ஒன்று இருக்கிறது. தலைமுடியின் வளரும் பருவம் இரண்டிலிருந்து ஏழு ஆண்டுகள்வரை நீளும். எந்த நேரத்திலும் தலைமுடியில் 85 முதல் 90 சதவீதம் வளர்ந்துகொண்டே இருக்கும். மயிர்க்காலின் அடியில் முடியை உருவாக்கும் செல்கள், உடலிலேயே மிக வேகமாகப் பிரியும் செல்களைச் சேர்ந்தவை. கீமோ மருந்துகள் குறிவைப்பதும் வேகமாகப் பிரியும் செல்களைத்தான். அதனால் தலையில் வளர்ந்துகொண்டிருந்த முடியெல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடிவாங்கி, கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது.

புருவ முடியின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அதன் வளரும் பருவம் ஒன்றிரண்டு மாதம்தான். புருவம் முழங்கைவரை நீளாமல் அளவோடு நிற்பதற்கும் அதுதான் காரணம். எந்த நேரத்தில் பார்த்தாலும் புருவத்தின் பெரும்பாலான முடிகள் ஓய்வில் இருக்கின்றன, ஓய்வில் இருக்கும் மயிர்க்காலை மருந்து அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆனால் ஓய்வு முடிந்த முடி வழக்கம்போல விழும்போது, அந்த இடத்தில் புதிதாக முளைக்கப் பார்க்கும் முடியை மருந்து பிடித்துவிடுகிறது. பழையது போகிறது, புதியது வருவதில்லை. இப்படித்தான் புருவம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிகிறது. சிலருக்குக் கடைசி கீமோ முடிந்து சில வாரங்கள் ஆன பிறகுகூடப் புருவம் கொட்டுகிறது. சிகிச்சைதான் முடிந்துவிட்டதே, இப்போது ஏன் என்று பயப்படுகிறார்கள். பயப்பட எதுவும் இல்லை, முன்பே தொடங்கிய கணக்கு அப்போதுதான் முடிகிறது.

மருந்துக்கு மருந்து இது மாறும். மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகத் தரப்படும் ஒரு சிகிச்சை முறையில், முதலில் சிவப்பு நிற டாக்சோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் நான்கு சுற்று ஏறும். பிறகு வாரம் ஒரு முறை என்று பாக்ளிடாக்சல். பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் கண்டெடுக்கப்பட்ட மருந்து இது. மன்சுக் வாணியும் மன்ரோ வாலும் அதன் மூலக்கூறு அமைப்பை 1971இல் வெளியிட்டார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபக்கமும் இழுக்கும் நுண்குழாய்களை இந்த மருந்து அசையவிடாமல் உறைய வைக்கிறது. பலருக்கும் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் புருவமும் இமைமுடியும் போகின்றன. தலைமுடியைக் காக்க மருந்து ஏறும்போது குளிர்த் தொப்பி போடும் முறை சில மருத்துவமனைகளில் இருக்கிறது. ஆனால் தொப்பி மூடும் இடத்தை மட்டும்தான் குளிர் காக்கும், புருவத்துக்கு அது உதவாது.

புருவம் முகத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்காவின் எம்ஐடியில் ஜாவித் சதர், இசாத் ஜரூடி, பவன் சின்ஹா மூவரும் சோதித்துப் பார்த்து 2003இல் எழுதினார்கள். பிரபலங்களின் படங்களை எடுத்து, ஒரு தொகுப்பில் கண்களை அழித்தார்கள், இன்னொன்றில் புருவங்களை அழித்தார்கள். பார்த்தவர்கள் கண் இல்லாத முகங்களை அடையாளம் கண்ட அளவுக்குப் புருவம் இல்லாத முகங்களை அடையாளம் காணவில்லை. முகத்தைப் பற்றிய நம் எண்ணத்தையே திருப்பிப் போடும் முடிவு அது. கண்ணாடியில் பார்க்கும்போது இது நான் இல்லை என்று நோயாளிக்குத் தோன்றுவது வெறும் மனச்சோர்வு அல்ல. முகத்தை அடையாளம் காண மூளை நம்பியிருக்கும் தடயங்களில் முக்கியமான ஒன்று உண்மையிலேயே காணாமல் போயிருக்கிறது.

1983இல் ஆஸ்திரேலியாவில் ஆலன் கோட்ஸ் குழுவினர், கீமோவின் விளைவுகளில் எது அதிகம் வதைக்கிறது என்று நோயாளிகளையே வரிசைப்படுத்தச் சொன்னார்கள். வாந்தி முதலிடம், குமட்டல் இரண்டாமிடம், முடி உதிர்வு மூன்றாமிடம். அதன்பின் ஒண்டான்செட்ரான் போன்ற மருந்துகள் வந்து வாந்தியைப் பெருமளவு அடக்கிவிட்டன. முடி விஷயத்தில் மருத்துவம் அந்த அளவுக்கு முன்னேறவில்லை. அந்த இடைவெளியில்தான் பென்சிலும் பவுடரும் வருகின்றன. 1987இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவர், அறையைவிட்டு வெளியே வரவே மறுத்த தன் நோயாளிக்கு ஒரு ஒப்பனைக் கலைஞரை ஏற்பாடு செய்ய முடியுமா என்று அழகுப்பொருள் உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவரைக் கேட்டார். அந்த ஒரு வேண்டுகோளிலிருந்து பிறந்து 1989இல் நாடு முழுக்கத் தொடங்கப்பட்டதுதான் 'லுக் குட் ஃபீல் பெட்டர்' என்ற இலவசப் பயிற்சித் திட்டம். பிரிட்டனுக்கு அது 1994இல் வந்தது. முடியில்லாத இடத்தில் புருவம் வரையும் பாடம் அந்த வகுப்புகளில் முக்கியமான ஒன்று.

இனி வரைவதற்கு வருவோம். பென்சிலையே தொட்டதில்லை என்பவர்களும் பயப்பட வேண்டாம். புருவ முடி போயிருக்கிறது, புருவம் இருந்த இடம் எங்கும் போகவில்லை.

பகல் வெளிச்சத்தில், ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். மேலிருந்து விழும் டியூப்லைட் கண்ணுக்கு மேல் நிழல் கட்டி ஏமாற்றும். கண்ணாடி உங்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும். முதலில் பென்சில் வேண்டாம், விரல் போதும். ஆள்காட்டி விரலை மூக்கின் மேல்முனையில் வைத்து, கண்ணுக்கு மேலே இருக்கும் எலும்பு விளிம்பின் வழியாக மெல்ல வெளிப்பக்கம் நகர்த்துங்கள். மூன்றில் ஒரு பங்கு தூரம் போனதும் பலருக்கு அந்த விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். நெற்றிக்கும் முன்தலைக்கும் உணர்வு தரும் நரம்பு வெளியே வரும் வழி அது. அந்த விளிம்பின் மேலேயோ, பெண்களுக்கு அதற்குச் சற்று உயரத்திலோதான் உங்கள் புருவம் இருந்தது. விரலை எடுக்காமல் இப்போது புருவத்தை உயர்த்திப் பாருங்கள். விரலுக்கடியில் தோல் வழுக்கி மேலே ஏறுவது தெரியும். நெற்றித் தசை அந்தத் தோலோடுதான் பின்னியிருக்கிறது, கீமோ அதை ஒன்றும் செய்யவில்லை. சரியான இடத்தில் வரைந்த புருவம் நீங்கள் ஆச்சரியப்படும்போது உயரும், கோபப்படும்போது நெரியும். இடம் தவறினால் முகம் ஒன்று சொல்லும், புருவம் வேறொன்று சொல்லும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கண்ணாடியில் கிட்டே பார்த்து வரையும்போது நம்மை அறியாமலே நெற்றியைத் தூக்கிக்கொள்கிறோம். அந்த நிலையில் வரைந்துவிட்டு முகத்தைத் தளர்த்தினால் புருவம் கீழே இறங்கி வேறு இடத்துக்கு வந்துவிடுகிறது. வாயை லேசாகத் திறந்து வையுங்கள், மூச்சை வெளியே விடுங்கள், நெற்றி தானாகத் தளரும். அதன் பிறகு பென்சிலை எடுங்கள்.

மூன்று இடங்களைக் குறிக்க வேண்டும். பென்சிலை மூக்கின் ஓரத்தில் நேர்க்குத்தாக நிறுத்துங்கள். கண்ணின் உள்முனைக்கு மேலே அது எலும்பு விளிம்பைத் தொடும் இடம் புருவத்தின் தொடக்கம். பென்சிலின் அடியை மூக்கோரத்திலேயே வைத்து, மேல்பக்கத்தைச் சாய்த்து, நேராகப் பார்க்கும் கருவிழியின் வெளிவிளிம்பு வழியாகப் போகவிடுங்கள். அது வளைவின் உச்சி. இன்னும் சாய்த்துக் கண்ணின் வெளிமுனை வழியாகக் கொண்டுபோனால் அது முடியும் இடம். மூன்று இடத்திலும் பென்சில் நுனியால் தொட்டும் தொடாமலும் ஒரு புள்ளி. புள்ளி வைத்துவிட்டுத்தானே கோலம் போடுகிறோம், அதே முறைதான் இதுவும். மறுபக்கத்திலும் மூன்று புள்ளி வைத்து, கண்ணாடியிலிருந்து ஒரு கை தூரம் விலகிப் பாருங்கள். முடியும் புள்ளி தொடங்கும் புள்ளியைவிடக் கீழே இறங்கினால் முகம் எப்போதும் வாடியே தெரியும். தவறை அழிப்பதும் இந்தக் கட்டத்தில்தான் சுலபம். பொட்டு வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் பொட்டை முதலில் வைத்துக்கொண்டால், நடுக்கோடு எது என்பதற்கு முகத்திலேயே ஒரு அளவு கிடைத்துவிடும். மருந்தால் தோல் உலர்ந்திருக்கும் மாதங்களில் ஒட்டுப் பொட்டின் பசை சிலருக்கு எரிச்சல் தரும். அவர்கள் பென்சிலாலேயே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம்.

புள்ளிகளை ஒரே கோடாக இணைத்துவிடாதீர்கள். உண்மையான புருவத்தில் முடிகள் ஒரே திசையில் படுத்திருப்பதில்லை. மூக்குப் பக்கம் நெட்டுக்குத்தாக நிற்கும், போகப்போக வெளிப்பக்கம் சாயும். நடுப்பகுதியில் மேல்வரிசை முடிகள் கீழ்நோக்கியும் கீழ்வரிசை முடிகள் மேல்நோக்கியும் வந்து நடுவில் கூடும். அதனால்தான் புருவத்தின் நடுக்கோடு அடர்த்தியாகவும் ஓரங்கள் மங்கலாகவும் தெரிகின்றன. இதை அப்படியே பின்பற்றுங்கள். கூராகச் சீவிய பென்சிலால், அழுத்தாமல், அரிசி நீளத்துக்குக் குட்டிக் குட்டிக் கீற்றுகள். உச்சியிலிருந்து தொடங்கி வால்பக்கம் போங்கள், மூக்குப் பக்கத்தைக் கடைசியில் தொடுங்கள். அப்போது கை பழகியிருக்கும், அங்கே கீற்றுகள் இடைவெளியோடு லேசாக விழும். மூக்குப் பக்கம் கட்டமாக, அடர்த்தியாகத் தொடங்கும் புருவம்தான் வரைந்தது என்று பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போக வேண்டாம். இங்கே நாலு கீற்று, அங்கே நாலு கீற்று என்று மாறி மாறிப் போடுங்கள். கடைசியில் சுத்தமான சின்ன பிரஷ்ஷாலோ பஞ்சுக் குச்சியாலோ ஓரங்களை ஒற்றிவிடுங்கள்.

நிறத்தில் தயங்குபவர்களுக்கு ஒரே பதில்: கறுப்பு வேண்டாம். நம் தலைமுடி கறுப்புத்தான், புருவ முடியும் கறுப்புத்தான். ஆனால் முடிகளுக்கு நடுவே தோல் தெரிகிறது. நாலடி தூரத்திலிருந்து பார்க்கும் கண் இரண்டையும் கலந்தே பார்க்கிறது, அதனால் முடியின் நிறத்தைவிட ஒரு படி இளையதாகத் தெரிகிறது. முடியே இல்லாத தோலில் கருமையை அப்பினால் அந்தக் கலப்பு இல்லாமல் போய்விடும். மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் அடர் பழுப்பு பொருந்தும், சிவப்போடாத சாம்பல் கலந்த பழுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. கண்மையைப் புருவத்துக்கு இழுக்காதீர்கள். அது பரவுவதற்கென்றே செய்யப்பட்டது, வியர்வையில் கன்னம்வரை வரும். பாரம்பரிய சுர்மா வகைகளில் சிலவற்றில் ஈயச் சேர்மம் இருப்பதால் அதைக் கண் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

புருவ பென்சில் என்பது மெழுகும் எண்ணெயும் இரும்பு ஆக்சைடு நிறமிகளும் சேர்ந்த குச்சி. பவுடரில் அதே நிறமிகள் உலர்ந்த நிலையில் இருக்கின்றன. முடி இருந்தால் மெழுகு அதைப் பற்றிக்கொள்ளும். வழவழப்பான வெறும் தோலில் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை, சித்திரை வெயிலில் மெழுகு இளகி நகரும். அதனால் முதலில் அந்த இடத்தின் எண்ணெய்ப்பசையைத் துடைத்து, முகப் பவுடரை மெல்லிசாக ஒற்றுங்கள். அதன்மேல் பென்சில் கீற்றுகள், அதன்மேல் சாய்வு பிரஷ்ஷால் அதே நிறப் புருவப் பவுடர். மினுமினுப்பு இல்லாத மேட் நிறமாக இருக்கட்டும், வெறும் தோலில் மினுமினுப்பு உடனே தெரிந்துவிடும். வியர்த்தால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். நெற்றி வியர்வையைக் கண்ணுக்குள் விடாமல் ஓரமாகத் திருப்பிவிடுவது புருவத்தின் பழைய வேலை, அது இல்லாததால் கண் கரிக்கும். கைக்குட்டை எப்போதும் கையில் வேண்டும். சற்றுத் தடித்த மேல்விளிம்பு உள்ள மூக்குக்கண்ணாடி போட்டால் தூசியும் தடுக்கப்படும், புருவத்தின் ஒரு பகுதி அதன் பின்னால் மறையவும் செய்யும். அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாளில் அது மட்டுமே போதும்.

பாக்ளிடாக்சல் எடுப்பவர்களில் பலருக்கு விரல் நுனி மரத்துப்போகிறது. மெல்லிய பென்சிலைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியாது, கை நடுங்கும். தடித்த பென்சில் வாங்குங்கள், அல்லது மெல்லிய பென்சிலில் துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, சுண்டுவிரலைக் கன்னத்தில் வைத்து வரைந்தால் நடுக்கம் பாதியாகக் குறையும். அப்போதும் முடியவில்லையென்றால் மகளையோ தங்கையையோ கணவரையோ வரையச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் வீட்டு ஆட்களுக்கும் அது ஒரு நல்ல வேலை.

ஆண்களுக்கும் புருவம் போகிறது, அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. அலுவலகம் போக வேண்டியவர்கள் பென்சிலே இல்லாமல் பவுடரை மட்டும் எலும்பு விளிம்பின் மேலேயே, அதிகம் வளைக்காமல் ஒற்றிக்கொள்ளலாம். பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஒவ்வொரு சுற்று கீமோவுக்குப் பிறகும், பெரும்பாலும் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரை, வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் பழைய பென்சில் அப்போது ஆபத்து. சிகிச்சைக்கென்று புதிதாக வாங்குங்கள், யாரோடும் பகிராதீர்கள். ஒவ்வொரு முறையும் பென்சிலைச் சீவினால் வெளிப்பட்ட மேல்பரப்பு போய்விடும். நீர் கலந்த ஜெல், திரவ வகைகளில் கிருமி வளர இடம் அதிகம், மெழுகும் பவுடரும் அந்த வகையில் பாதுகாப்பானவை. பிரஷ்ஷை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். இரவில் தேய்க்காமல், பஞ்சில் மென்மையான கிளென்சர் நனைத்துச் சற்று நேரம் வைத்திருந்து துடையுங்கள். தோலில் புண், தடிப்பு, அரிப்பு இருந்தாலோ, அந்தப் பகுதியில் கதிர்வீச்சு நடந்துகொண்டிருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் எதையும் பூச வேண்டாம்.

பார்லரில் மைக்ரோபிளேடிங் செய்துகொண்டால் ஒரேயடியாகத் தொல்லை விட்டது என்று யாராவது சொல்வார்கள். கீமோ நடக்கும்போது கூடவே கூடாது. அது தோலைக் கீறி நிறமி ஏற்றும் வேலை. வெள்ளணு குறைந்திருக்கும்போது கிருமி புகும், தட்டணு குறைந்திருக்கும்போது ரத்தம் நிற்காது. சிகிச்சை தொடங்குமுன் செய்துகொள்ள விரும்பினாலும் புற்றுநோய் மருத்துவரிடம் நேரம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கூந்தல் டையைத் தோலில் பூசிப் புருவமாக்குவதும், உடனே கறுக்கும் 'பிளாக் ஹென்னா'வும் அதே அளவுக்கு ஆபத்தானவை. அவற்றில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் தோலைக் கொப்பளிக்கச் செய்யும்.

சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு மாதங்களில் பெரும்பாலோருக்குப் புருவம் மீண்டும் அரும்புகிறது. முதலில் மெலிதாக, சில சமயம் வெளிறி வரும், ஒருமுறை வந்து மீண்டும் கொட்டுவதும் உண்டு. டோசிடாக்சல் போன்ற மருந்துகளுக்குப் பிறகு சிலருக்கு முடி முழுதாகத் திரும்புவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரும்பும் காலத்தில் த்ரெடிங் செய்து ஒழுங்குபடுத்த ஆசை வரும், அதைத் தள்ளிப்போடுங்கள். வரையாமல் வெறும் நெற்றியோடு வெளியே போவது ஒருவரின் விருப்பம் என்றால் அதுவும் சரிதான், அவரைப் பென்சில் எடுக்கச் சொல்லி வற்புறுத்த யாருக்கும் உரிமையில்லை.

இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்த யாருக்காவது முதல் கீமோவுக்குத் தேதி குறித்திருந்தால், அவரிடம் இன்றே ஒன்று சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில், சிரிக்காமல், நேராகப் பார்த்தபடி, கேமராவைக் கண் மட்டத்தில் வைத்து முகத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். முடிந்தால் ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளைப் புருவத்தின் மேல் வைத்து, மார்க்கர் பேனாவால் இரண்டு புருவங்களின் வடிவத்தையும் படியெடுத்து, இடது வலது குறித்து வைக்கட்டும். பின்னால் வரைய உட்காரும்போது அதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது.